தரைக்கு நாலு விரல் மேலே

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலர்க்காரிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலையில், யாருக்கு ஓட்டுப் போடுவதென்று தீர்மானிக்காதவர்களின் கால்கள் தரையை விட்டு நாலு விரல் உயர்ந்தன. தபால்காரர் மிதந்தபடியே கடிதம் கொடுத்தார். பல் மருத்துவர் நோயாளியின் நாற்காலியைச் சற்று ஏற்றிக்கொண்டார். சட்டைத் தொழிற்சாலையில் இருபது வருடமாகக் காலர் தைத்த காலர்க்காரிக்குத்தான் சிக்கல். மெஷின் மிதிக்குக் கால் எட்டவில்லை. கணவர் முதுகு போய்ப் படுத்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒரு வாரம் பொறுத்த சூப்பர்வைசர், "திங்கட்கிழமை கால் தரையில இருக்கணும்மா. இல்லேன்னா மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றார். வரிசையில் மற்ற முப்பது பேரின் கால்களும் மிதிமேல் ஒழுங்காக இருந்தன.

"கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையேடி" என்றாள் மாமியார்.

"அப்ப யோசிச்சிருக்கணும் அத்தை."

ஞாயிறு மாலை நகர மண்டபத்தில் இரண்டு வேட்பாளர்களும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். இருவரில் பெண் வேட்பாளரான அந்தம்மா காகிதத்தைப் புரட்டிப் புரட்டித் தேடி, தொழிற்சாலைக் கழிவறைகளைப் பற்றி ஏதோ தடுமாறிச் சொன்னார். எதிர்த்தரப்புக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூட்டத்தை ஒரு நிமிடம் சும்மா பார்த்துவிட்டு, தணிந்த குரலில் ஆரம்பித்தார். அவ்வளவுதான், மிதந்தவர்கள் தொப்பென்று இறங்கினார்கள். காலர்க்காரி வீடுவரை செருப்புத் தேயத் தேய நடந்தாள்.

"அப்படி என்னதான் சொன்னான்?" என்று கேட்டாள் மாமியார்.

காலர்க்காரி வாயைத் திறந்தாள். கண்ணாடி ஞாபகம் வந்தது. உடம்பு ஒரு விரல் எழும்பியது. குரல் ஞாபகம் வந்தது, இன்னொரு விரல். சொன்ன சொல் ஒன்றுகூட வரவில்லை. அந்தம்மா சொன்னது நன்றாக நினைவிருந்தது, ஆனால் அவரை நம்பவும் மனம் துணியவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குள் பழைய உயரத்துக்குப் போய்விட்டாள். கணவர் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார். இறங்கவில்லை.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அவள் மெஷினருகே வந்து நின்றார். "எந்திரிம்மா." அவள் நூல்கண்டைக் கழற்றினாள். கத்தரிக்கோலை எடுத்துப் பைக்குள் போட்டாள். அப்போது பக்கத்து மெஷினில் பட்டன் தைப்பவள் குனிந்து, கணுக்காலில் நாடாவால் கட்டியிருந்த இரும்புக்கட்டியை அவிழ்த்தாள். வெட்டும் மேஜையில் துணி நகராமல் வைக்கிற கட்டி அது. அவளும் எழும்பினாள். பிறகு கைப்பட்டை தைப்பவள். அப்புறம் வரிசை முழுவதும் இரும்பு விழும் சத்தம். மறைக்கத் தெரியாதவள் காலர்க்காரி ஒருத்திதான்.

கடைசியில் சூப்பர்வைசரும் தன் இரண்டு காலுறைகளிலிருந்தும் தலா ஒரு கட்டியை உருவி மேஜைமேல் வைத்தார். "மெஷினுக்கெல்லாம் அடியில செங்கல் கொடுங்கப்பா" என்றார், தானும் நாலு விரல் மேலே நின்றபடி.

அதிலிருந்து தேர்தல் வருடங்களில் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல மெஷினுக்குச் செங்கல் வைப்பதும் அங்கே வழக்கமானது. காலர்க்காரி வாக்குச்சாவடிக்குள் மிதந்து போனாள், நடந்து வந்தாள். யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு உலை எப்போதும் கொதிக்கட்டும், வேலைக்குப் போனவர்கள் பொழுதோடு வீடு திரும்பட்டும். நன்றாக இருங்கள்.