மதலேனம்மாள் செத்துக் கிடக்கும் அழகு

தமிழ்நாட்டில் மதலேனம்மாளைப் போலச் செத்துக் கிடக்க இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும். இப்படிச் சொன்னது ஊரார் அல்ல, மதலேனம்மாளேதான். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், சவேரியார் கோயிலையொட்டி இருக்கும் தங்கை வீட்டு வாசலில் நிலக்கடலை உரித்தபடி சொன்னாள். சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

உண்மையும் அதுதான். அறுபதுகள் முழுக்க அவள் சேலத்திலும் சென்னையிலும் செத்துக்கொண்டிருந்தாள். கதாநாயகனின் தாயாகச் செத்தாள், ஜமீன்தாரின் முதல் தாரமாகச் செத்தாள், ஒரு படத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுப்போட்டுவிட்டுச் செத்தாள். எல்லாம் படம் தொடங்கிய கையோடு முடிந்துவிடும். தாமதமாக வருகிறவர்கள் அவளைப் பார்த்ததே இல்லை. காரிமங்கலம் டூரிங் டாக்கீஸுக்கு அவள் ஊர்க்காரர்கள் மட்டும் முன்னாடியே போய் இடம் பிடிப்பார்கள். அவள் செத்ததும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "நம்ம புள்ள போயிடுச்சு. இனி என்ன இருக்குது பாக்க?"

"அழறது யாராலயும் ஆவும்," என்றாள் மதலேனம்மாள். "கிளிசரின் போட்டா எருமகூட அழும். வசனம் பேசறதா? கிளி பேசுது. செத்துக் கிடக்கறது இருக்குதே, அதான் நடிப்பு. மேல லைட்டு அடுப்பாட்டம் காயும். மூக்குல ஈ உக்காரும். மேல உழுந்து அழற ஹீரோ மீசை காதுல குத்தும். அசையக்கூடாது. ஒரு தபா டைரக்டரு பயந்துபோயி டாக்டருக்கு ஆளனுப்பிட்டாரு. அவரு வந்து நாடி புடிச்சுப் பாத்தாரு. அவருக்கே கிடைக்கல."

"செத்துக் கிடக்கறதுக்கா வூட்ட உட்டுட்டு ராவோட ராவா ஓடுன?" என்றாள் தங்கை ராயம்மாள், முறத்திலிருந்து தலையை எடுக்காமல். "இங்கயே கிடந்திருக்கலாமே."

மதலேனம்மாள் அடுத்த கடலையை உரித்தாள். பின்கதவு வழியாக, ஒருவருக்கும் முகம் காட்டாமல் இருட்டில் போனவள் அவள். அப்புறம் திருநாளுக்குத் திருநாள் வந்து போனாலும், ஊர் அவளை நன்றாகப் பார்த்ததெல்லாம் கண்மூடிய நிலையில்தான்.

எழுபத்திரண்டாம் வருஷத் திருநாளுக்கு அவளை விரும்பி வரவழைத்தது அருள்நாதன். தர்மபுரியில் பி.ஏ. படிக்கிறவன். அந்தப் படிப்பின் பயனாக, 'கண்ணீரில் மிதந்த குத்துவிளக்கு' என்றொரு சமூக நாடகத்தை எழுதியிருந்தான். 'புகழ்பெற்ற சினிமா நட்சத்திரம் மதலேனம்மாள் பிணமாகத் தோன்றுகிறார்' என்று நோட்டீஸ் அடித்து, காரிமங்கலம் சந்தையில் ஆள் விட்டுக் கொடுத்தான். ஊர்ப் பெண்கள் மேடை ஏறும் வழக்கம் கிடையாது. ஆனால் பிணத்துக்கு அந்த விதி இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். கதாநாயகி வேஷத்துக்குச் சேலத்திலிருந்து நாடக நடிகை வசந்தமாலா வருவாள். வழக்கப்படி நாடகத்தன்றுதான் வருவாள்.

ஒத்திகை ஞானோபதேசப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. மதலேனம்மாள் பெஞ்சில் செத்துக் கிடந்தாள். ஊர் வம்புக்குப் பயந்து, பிணத்தை இருட்டோடு எடுத்துவிடக் கதவைச் சாத்தப் போகும் மருமகனாகக் கஸ்பார். கோயில் மணி அடிக்கிறவன். அந்த நாடகத்தையே கரைத்துக் குடித்திருந்தான். யார் பேசினாலும் கூடவே அவன் வாயும் சத்தமில்லாமல் பேசும்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. "ஏம்பா கஸ்பாரு, அடுத்தவன் வசனத்துல உன் வாய் எதுக்கு மேயுது?"

"அது பாட்டுக்கு வருதுங்கக்கா."

"அடக்கத் தெரியாத வாய வெச்சுக்கிட்டு என்ன நடிகன் நீ? ஆடு அசை போடறாப்ல இருக்குது." எழுந்து உட்கார்ந்து அவனைப் போலவே வாயை மென்று காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளிலிருந்து கஸ்பார், மற்றவர்கள் பேசும்போது துண்டு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றான்.

அவன் அந்தக் கதவில் கை வைக்கும்போது மகள் குறுக்கே விழுந்து, சாகும் முன் அம்மா சொன்ன வார்த்தையைச் சொல்வாள்: "கதவைச் சாத்தாதீர்கள். நான் இருட்டில் போகமாட்டேன். என் முகத்தை ஊர் பார்க்கட்டும்." காட்சி சின்னதாக இருக்கிறதே என்று அருள்நாதன் இழுத்துச் சேர்த்த வசனம் அது; ஒத்திகையில் மகளுக்காக அவனே படித்தான்.

படுத்தபடி எத்தனையோ பேர் வசனத்தைக் கேட்டிருக்கிறாள் மதலேனம்மாள். பவுடரைக் கழுவும்போதே அதுவும் போய்விடும். இது போகவில்லை. கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். குரல் கரகரத்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் சொன்னாள். இப்போது நன்றாகவே வந்தது. இத்தனை வருஷமாக எந்தப் படத்திலும் ஒருவரும் கேட்காத குரல். எருமை தலையைத் திருப்பிப் பார்த்தது.

"எருமகிட்ட எந்தக் கதவச் சாத்தாதங்கறக்கா?" என்றாள், குடத்தோடு வந்த ராயம்மாள்.

நாடகத்துக்கு முதல் நாள், நாடகத்தின் மேல் உள்ள அக்கறையாகவே மதலேனம்மாள் அருள்நாதனிடம் பேச்செடுத்தாள். "தம்பி, அந்த வசனத்த அம்மாவே சொல்லிட்டுச் செத்தா எடுப்பா இருக்காது?"

அருள்நாதன் திகைத்துப்போனான். "நீங்க பேசறதா? என்னங்கக்கா, வசனம் கிளிகூடப் பேசும்னு நீங்கதானே சொன்னீங்க? நோட்டீசு வேற அடிச்சாச்சு. உங்களப் பொணமாப் பாக்கறதுக்குன்னே சித்தேரி மலையிலிருந்து ஜனம் எறங்கி வருது."

"சும்மா கேட்டேன்," என்றாள். "நானாவது, பேசறதாவது."

நாடகத்துக்கு மறுநாள் அதிகாலைப் பூசை இருப்பதால் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். அதனால் பொழுது சாய்ந்ததுமே பெட்ரோமாக்ஸைக் கொளுத்திவிட்டார்கள். வசந்தமாலா அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, பவுடர் போட்டுக்கொண்டே கதை கேட்டாள்.

"நேத்து ஏரியூருல விதவை. இன்னிக்கு நானு என்ன?"

"மக."

"செத்தது யாரு?"

"அம்மா."

"அழுதுடலாம்," என்றாள்.

திரை விலகியது. ராகித்தாளை வைக்கோலாகப் பரப்பிய கட்டிலில், வெள்ளைத் துணி போர்த்தி மதலேனம்மாள் கிடந்தாள். "அதோ, செத்துட்டா பாரு!" என்று யாரோ கத்த, கைதட்டல் எழுந்தது. டூரிங் டாக்கீஸில் அவளுக்குக் கிடைக்காத கைதட்டல். தாள் முதுகைக் குத்தியது. மார்கழியை நெருங்கும் பனி கன்னத்தில் இறங்கியது. ஒரு மயிர்க்கால் அசையவில்லை.

வசந்தமாலா அழகாக அழுதாள். கஸ்பார் கதவில் கை வைத்தான். அந்த நேரம் பார்த்து ஓரத்துப் பெட்ரோமாக்ஸ் மங்கியது. வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற அருள்நாதன் அதற்குக் காற்றடிக்க ஓடினான்.

"அம்மா!" என்றாள் வசந்தமாலா. ஒன்றும் வரவில்லை. "அம்மா!" என்றாள் மறுபடி, இன்னும் உருக்கமாக. கஸ்பாருக்குத் தெரியும். ஆனால் துண்டை இறுகக் கடித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் ஒரு விசில் கிளம்பியது.

மதலேனம்மாளின் நெஞ்சில் காற்று நிறைந்திருந்தது. குரல் தொண்டைக்கு வந்து நின்றது. எழுந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்து சொல்லிவிட்டால் போதும். ஊர் முழுக்க எதிரில் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது. ஆனால் மலை இறங்கி வந்த ஜனம் பிணத்தைப் பார்க்க வந்த ஜனம். எழுந்துவிட்டால், பைபிளில் செத்து உயிர்த்தெழுந்த லாசருக்குப் பிறகு அவள்தான். அருள்நாதனின் நாடகம் அதோடு சரி.

உதடு மட்டும் கிசுகிசுவென்று அசைந்தது. "கதவைச் சாத்தாதீர்கள்..."

தொழில் தெரிந்தவள் வசந்தமாலா. கதறிக்கொண்டு குனிந்து, பிணத்தின் வாயருகே கன்னத்தை வைத்துக்கொண்டாள். முழுசாகக் கேட்டதும் நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கணீரென்று சொன்னாள். "என் முகத்தை ஊர் பார்க்கட்டும்!" என்றபோது முன்வரிசையில் ராயம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். "என்னமா பேசறா அந்தச் சேலத்துக்காரி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

விளக்கு சரியாகி, அருள்நாதனும் திரும்பி வந்துவிட்டான். பிணத்துக்கு இனி வேலையில்லை. கஸ்பார் துண்டை எடுத்துவிட்டு மருமகனாகத் திருந்திப் பேச ஆரம்பித்தான். பாதி வசனத்தில் தற்செயலாகக் கட்டிலைப் பார்த்தான்.

மதலேனம்மாளின் உதடுகள் சத்தமில்லாமல் அவனோடு பேசிக்கொண்டிருந்தன. அடுத்து வசந்தமாலாவோடும், அப்புறம் போலீஸ்காரன் வேஷத்தில் வாசலில் வந்து நின்றவனோடும் பேசின.

கஸ்பார் வசனத்தை விடாமலே இரண்டடி நகர்ந்து, கூட்டத்துக்கு அவள் முகம் தெரியாதபடி நின்றுகொண்டான்.