டேவியன் ராஃப்டனுக்குப் பதிலாக

பிப்ரவரி மாதத்து ஒரு வியாழக்கிழமை. காலைப் பயிற்சிக்கு முன்னால் ஹாங்க் என் வலது தொடையை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்துவிட்டு, "இறுக்கமா இருக்கு, லின். இன்னிக்கு நீ ஆட வேண்டாம். உக்காந்துக்கோ" என்றார்.

ஹாங்க் எங்கள் பஃபலோ கூடைப்பந்து அணியின் ட்ரெய்னர். எங்கள் எல்லாருடைய கால், முதுகு, தோள்பட்டையும் அவர் பொறுப்பு. பொய் சொல்ல வராத மனிதர். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த பிளாஸ்திரிச் சுருளின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். என் தொடையில் ஒரு கோளாறும் இல்லை.

அன்று மதியம் மூன்று மணியோடு வீரர்களை அணிக்கு அணி மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிறது. அதுவரை யாரை வேண்டுமானாலும் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அனுப்பப்படுகிறவனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அனுப்பப்போகிற ஆளைப் பயிற்சியில் ஆடவிடவும் மாட்டார்கள். அவன் கணுக்கால் பிசகிவிட்டால் பேரம் கெட்டுப்போகும். அதனால் அவனுடைய தொடை இறுகிவிடும், அல்லது முதுகு பிடித்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் பத்து வருடமாக இருக்கிறேன். எத்தனையோ பேருடைய தொடை இந்த வாரத்தில் இறுகிப் பார்த்தாயிற்று. என்னுடையது இறுகியது இதுதான் முதல் தடவை.

நான் பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மற்ற நாளில் பயிற்சிக் கூடத்துக்குள் போனைக் கொண்டுவந்தால் கோச் கத்துவார். அன்று மட்டும் சுவரோரத்து நாற்காலிகளில் எல்லாருடைய போனும் மல்லாந்து கிடந்தது. ஒவ்வொருவனும் பந்தைப் போட்டுவிட்டு அந்தப் பக்கமாகவே திரும்பி ஓடினான்.

ஓட்டிஸ், எங்கள் அணியின் நெடுமரம், என்னைப் பார்த்ததும் பந்தை இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டான்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"தொடை."

"எந்தத் தொடை?"

"ஹாங்க்கைக் கேளு."

"மாப்ள, உன் ரெண்டு தொடையும் என் கல்யாணத்துல ராத்திரி பூரா ஆடினது. அப்போ இறுகல. இப்போ இறுகிடுச்சா?" என்றான். கோச்சுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

யாருக்குப் பதிலாக என்னை அனுப்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாரமாக ஊர் முழுக்க அதுதான் பேச்சு. சியாட்டில் அணியின் டேவியன் ராஃப்டன். லீக்கில் அவனைப்போல ஆடுகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். கல்லூரியில் நானும் அவனும் ஒரே அறை. அவன் சாக்ஸ் நாற்றத்தில் மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கியவன் நான்.

போன் அடித்தது. செலஸ்ட், என் மனைவி.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"உக்காரச் சொல்லிட்டாங்க."

அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறைதான் இந்த ஊர் டாக்டரம்மா ஒருத்தி, வாரம் தவறாமல் பார்த்துப் பார்த்து இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறாள். செலஸ்ட் பிறந்து வளர்ந்தது பஃபலோவில். அவள் அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி. சியாட்டிலோ, நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது.

"லின், நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? அவங்க உன்ன எதுக்காவது கூப்பிட்டா, எதுவும் தெரியாதுன்னு சொல்லிடு. உன் நல்ல மனசை இன்னிக்கு ஒரு நாள் வீட்ல வெச்சுட்டு வா."

"பிராக்டிஸ்லதான்டி இருக்கேன்."

"அப்போ கார்ல வெச்சுட்டு வா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மாடியிலிருந்து ஆள் வந்துவிட்டான். ரோஸ் கூப்பிடுகிறாராம்.

ரோஸ் என்கிற ரோசலிண்ட் காச்மரெக் அம்மாதான் எங்கள் ஜெனரல் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் கையில். நான் போனபோது அவர் மேசையில் பாதி தின்ற மாட்டிறைச்சி ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. உட்காராமல் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெளியே பனி தள்ளும் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அவரும் வண்டியும் ஒரே வேகம்.

"உக்காரு, லின். டேவியனப் பத்தி உன்கிட்ட கேக்கணும்."

"கேளுங்க."

"முழங்கால் ஸ்கேன் எல்லாம் அனுப்பியிருக்காங்க. டாக்டருங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதலாளி வாங்கு வாங்குங்கிறார். எனக்குக் காகிதத்துல இல்லாதது வேணும். அவன உனக்குத் தெரியும். சொல்லு."

போன வாரம் சியாட்டில் அணி இங்கே வந்து ஆடியது. ஆட்டம் முடிந்து நான் டேவியனைப் பார்க்கப் போனேன். பேருந்து நிற்கும் இடத்துக்கு இறங்கும் பின்பக்கப் படிகளில் அவன் தனியாக இறங்கிக்கொண்டிருந்தான். பக்கவாட்டில், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. என்னைப் பார்த்ததும் நின்றான். "நீ ஒண்ணும் பாக்கலடா" என்றான். "எதை?" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

இப்போது ரோஸ் என் எதிரில் நின்றார். படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேரம் முறிந்துவிடும். நான் இங்கேயே இருப்பேன். செலஸ்ட் அதே டாக்டரம்மாவிடம் போவாள். அது பொய்யும் இல்லை. ஆனால் சிநேகிதனைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாமல் விட்டால், ஆறு வருடம் எனக்குச் சோறு போட்ட இடத்துக்குத் துரோகம். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வாய் வரை வந்தது.

"படி இறங்க முடியல அவனால" என்றேன். "சைடுல இறங்குறான். நான் பாத்தேன்."

ரோஸின் நடை நின்றது. பக்கத்திலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்போ விட்டுடலாமா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் தலை ஆடவில்லை.

"போன வார ஆட்டத்துல அவனைத் தடுத்து ஆடினது யாரு, ரோஸ்?"

"நீதான்."

"எனக்கு ரெண்டு முழங்காலும் நல்லாத்தான் இருக்கு. அப்படியும் அவன் இஷ்டத்துக்குப் பந்தைக் கூடையில போட்டான். எப்படின்னு நீங்க கேக்கவே இல்லையே."

"எப்படி?"

"முன்னெல்லாம் பறப்பான். நாம அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். இப்போ பறக்க முடியாது. அதனால என் மேல வந்து லேசா சாயறான். என் கனம் எந்தக் கால்ல இருக்குன்னு அவன் தோளு பாத்துக்குது. நான் இந்தப் பக்கம் ஊனினா அந்தப் பக்கம் போயிடறான். அன்னிக்கு அவன் குதிக்கவே இல்லை. முன்னாடி அவன் காலால என்னைத் தோக்கடிச்சான். இப்போ என் காலாலயே என்னைத் தோக்கடிக்கிறான்."

ரோஸ் ஏதோ சொல்ல வந்தார். நான் நிறுத்தவில்லை.

"நல்லா ஆடறவனுக்கு உடம்புல ஒண்ணு போச்சுன்னா அவன் குறைஞ்சு போவான். நானெல்லாம் அப்படித்தான். இவனுக்கு ஒண்ணு போனா இன்னொண்ணக் கத்துக்கறான். அதையும் ஆட்டத்துக்கு நடுவுல, பந்து கைல இருக்கும்போதே. எத்தனை நாள் தாங்கும்னு எனக்குத் தெரியாது. தாங்குற வரைக்கும் அவனை மாதிரி யாரும் கிடையாது."

"லின், அவனுக்குப் பதிலா யாரைக் கேக்குறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"ஹாங்க் காலையிலயே என் தொடையப் பிடிச்சுட்டாரே."

ரோஸ் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். "வேற ஆள் தரேன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். நீ இல்லாட்டி பேச்சே இல்லைங்கிறாங்க. அப்புறம் ஏன் இதெல்லாம் சொல்ற?"

"நீங்க கேட்டீங்க."

"முட்டாள்" என்றார் ரோஸ். பிறகு, "போ. கீழ போ" என்றார்.

கீழே போனேன். எங்கும் உட்கார முடியவில்லை. சாப்பாட்டு அறைக்குப் போய் ஆம்லெட் வாங்கி வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் எழுந்தேன். என் பெட்டகத்தைத் திறந்து ஒரு ஷூவை எடுத்துப் பையில் வைத்தேன்; இதென்ன, நாமே முடிவு பண்ணிவிட்டோமா என்று தோன்றியது. திரும்ப எடுத்து உள்ளே வைத்தேன். செலஸ்ட் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் கேட்பாள், அவளிடம் எனக்குப் பொய் வராது.

பயிற்சி முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. சும்மா பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். திடீரென்று சுவரோரத்து நாற்காலிகளில் கிடந்த போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உறுமின. பத்திரிகைக்காரன் எவனோ முந்திக்கொண்டான். எங்களுக்கு எப்போதும் அப்படித்தான். முதலில் ஊருக்குத் தெரியும், பிறகுதான் ஆளுக்கு.

ஓட்டிஸ் போனை எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"படிடா" என்றேன்.

"நீ படிச்சுக்கோ. எனக்குப் படிக்கத் தெரியாது" என்று போனை என் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டு, என்னை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொண்டான். வியர்வை நாற்றம் குமட்டியது. அவன் விடவில்லை. அவனுக்குப் பின்னால் வரிசையாக ஒவ்வொருவனும் வந்தான். ஹாங்க் கடைசியில் வந்து, "தொடை எப்படி இருக்கு?" என்றார். "இப்போ பரவால்ல" என்றேன்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. செலஸ்ட் என்று நினைத்து எடுத்தேன். டேவியன்.

"ரோஸ் பேசினாங்க. எடுத்த எடுப்புல படிக்கட்டப் பத்தித்தான் கேட்டாங்க. நீதானே?"

"ஆமா."

"நாயே."

வண்டிக் கண்ணாடி மேல் பனி விழுந்து கரைந்தது.

"சரி, அதை விடு" என்றான். "அந்த ஓட்டிஸ் இருக்கானே. அவனுக்குப் பந்து நெஞ்சு உயரத்துல வேணுமா, தலைக்கு மேலயா?"

"தலைக்கு மேல. கீழ குடுத்தா தவற விட்டுடுவான்."

"இடது மூலையில நிக்கிற அந்தச் சின்னப் பையன்? கோச் திட்டினா ஆடுவானா, சுருங்கிடுவானா?"

"சுருங்கிடுவான்."

"நீ அவனை எப்படிச் சமாளிச்ச?"

சொன்னேன். அடுத்தவனைக் கேட்டான். அதற்கும் சொன்னேன். அவன் குரலில் வீடு மாறுகிற கவலை இல்லை, என் மேல் இருந்த கோபமும் எங்கோ போய்விட்டது. சியாட்டிலில் அவனும் எங்கேயோ நடந்துகொண்டேதான் பேசுகிறான் என்பது மூச்சில் தெரிந்தது. பெட்டிகூடக் கட்டாமல் எங்கள் மைதானத்துக்குள் வந்துவிட்டான். நானும் பனியில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுவில் செலஸ்டின் பெயர் திரையில் வந்தது.

"டேவியன், வைக்கிறேன். வீட்ல கூப்பிடறா."

"இரு இரு, ஒண்ணே ஒண்ணு. ஓட்டிஸ் எந்தக் கால..."

வைத்துவிட்டேன்.

"டிவியில பாத்தேன்" என்றாள் செலஸ்ட். அழுது முடித்திருந்த குரல். "எப்போ கிளம்பணும்?"

"நாளைக்குக் காலையில."

"நான் வரல. டாக்டர விட்டுட்டு வர முடியாது."

"தெரியும். நீ வரக்கூடாது."

"வலி வந்தா நீ எந்த ஊர்ல ஆடிக்கிட்டு இருப்பியோ."

"எங்க இருந்தாலும் வந்துடுவேன்."

"சொல்லாதே அப்படி. வர முடியாமப் போகும், அப்புறம் உன்னைத் திட்டணும்." மூக்கை உறிஞ்சினாள். "உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"அவன் முழங்கால் போச்சுன்னு சொன்னேன். அப்படியும் அவனை எடுத்துக்குங்கன்னு சொன்னேன்."

அவள் போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். பின்னால் அவள் அம்மா ஏதோ கேட்பதும், இவள் "கொஞ்சம் சும்மா இரும்மா" என்பதும் கேட்டது.

"லின்."

"ம்."

"நிஜமாவே அவ்வளவு நல்லா ஆடுவானா?"

"ஆடுவான்."

"நம்ம பஃபலோ டீம் ஜெயிச்சுடுமா?"

"ஜெயிச்சுடும்" என்றேன். சொன்ன பிறகு வண்டிக் கதவைத் திறக்கச் சாவியைத் தேடினேன். எந்தப் பாக்கெட்டிலும் அகப்படவில்லை.