கோணக்கழுத்துச் சேவல்

வெள்ளைக் கழிச்சல் நோய் எங்கள் மலைச்சரிவைத் துடைத்துவிட்டுப் போனபோது, பதினேழு கோழியில் எங்களுக்கு மிஞ்சியது மூன்று பெட்டை, இரண்டு சேவல். ஒன்று கொண்டை முதல் நகம்வரை கறுப்பாக மினுக்கும் அழகன். இன்னொன்று பத்து நாள் சுருண்டு கிடந்து, திருகின கழுத்தோடு எழுந்து வந்தது.

"மழைக்குள்ள குஞ்சு இறங்கணும்," என்றாள் என் மனைவி சாம்லி. "அடுத்த கழிச்சல்லயும் எல்லாம் செத்தா, நான் கோழியே வளக்கமாட்டேன்."

எதை அப்பனாக்குவது என்று முடிவுசெய்ய நஹார்சிங் இருந்தான். ஜாபுவா டவுனில் மூன்று நாள் கோழிப் பயிற்சி முடித்தவன். எங்கள் மூங்கில் தட்டிச் சுவர்களில் சான்றிதழ் நிற்காது என்பதால் கையிலேயே வைத்துக்கொண்டு நடப்பான்.

"நோயைத் தாங்கின சேவல் ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுப்போம். சரிவு முழுக்க அதுதான் அப்பன். மிச்சமெல்லாம் சட்டிக்கு," என்று உத்தரவு போட்டான்.

இலுப்பை மரத்தடிக்கு எங்கள் இரண்டையும் சேர்த்து ஏழு சேவல்கள் வந்தன. நஹார்சிங் ஒவ்வொன்றின் கொண்டையையும் அளந்தான், கண்ணை விரித்துப் பார்த்தான், வாலைத் தூக்கி வெகுநேரம் படித்தான். கடைசியில் தன் சேவலையே தூக்கிக் காட்டினான்.

"பாருங்க, ஒரு தும்மல்கூட இல்ல."

"அண்ணே, கழிச்சல் வந்தப்ப இது எங்க இருந்துச்சு?" என்றாள் சாம்லி.

"ராணாபூர்ல. தங்கச்சி வீட்ல."

"எங்க கறுப்பன் எங்கண்ணன் வீட்ல இருந்தான்."

மற்ற நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். கழிச்சல் என்ற பேச்சு காதில் விழுந்ததும் நல்ல சேவலைக் கூடையில் போட்டு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். யார்தான் அனுப்பமாட்டார்? அதனால் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

ஊரிலேயே இருந்து நோயைத் தாங்கியது ஒன்றுதான். எங்கள் கோணக்கழுத்தன் அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நஹார்சிங் பயிற்சியில் எழுதின நோட்டைப் புரட்டினான். "கழுத்து கோணினதைக் கழிச்சிடணும்னு எழுதியிருக்கேன். நோயைத் தாங்கினதை வெச்சுக்கணும்னும் எழுதியிருக்கேன்."

"ரெண்டையும் நீங்கதானே எழுதினீங்க?"

"அவங்க சொல்லச் சொல்ல எழுதினேன்."

நோயைத் தாங்கியது அதன் ரத்தமா, நான் அதன் வாயில் ஊற்றிய பூண்டும் கள்ளும் காப்பாற்றியதா என்று எனக்கு ஒரு சந்தேகம். சொன்னேன்.

"கள்ளுன்னா எங்க வீட்டுக்காரர்கூட தினம் விழுந்து எழுந்திரிக்கிறாரு," என்றாள் பக்கத்து வீட்டு தித்லி. "கழுத்தும் கோணல்தான். அவரையும் வரிசையில நிறுத்தட்டுமா?"

சாம்லி யாரையும் கேட்கவில்லை. கறுப்பனின் காலைப் பிடித்து என் கையில் கொடுத்தாள். மூன்று வருஷமாக நான் சோளம் ஊட்டிய சேவல். அன்றைக்குக் குழம்பு நன்றாகவே இருந்தது; அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். நஹார்சிங் இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டான். அவன் சேவல் மட்டும் ஏனோ சட்டிக்குப் போகவில்லை.

கோணக்கழுத்தன் பெட்டைகளோடு அடைபட்டான். சோளத்தைக் குறிவைத்தால் கல்லைக் கொத்துகிறவன் மற்ற காரியத்தில் என்ன செய்வானோ என்று பயந்தேன். ஒன்றரை மாதத்தில் பதினொரு குஞ்சு. சாம்லி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழுத்தைத் தடவினாள். எல்லாம் நேர்.

"அண்ணே, நேரா இருக்கே. நோயைத் தாங்கற குணம் வந்திருக்கா, வரலையா?"

நஹார்சிங் குஞ்சின் வாலைத் தூக்கிப் பார்த்தான். "மறுபடி கழிச்சல் வந்தாத்தான் தெரியும்."

"அப்ப கழிச்சல் வரணும்னு வேண்டிக்கட்டுமா, வரக்கூடாதுன்னா?"

அவன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பதில் தேட ஆரம்பித்தான்.