நிமிர்த்தி வைத்த பூமி

பருவகாலப் பாடத்தை எழுதிய ஆசிரியைக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் சாய்த்து வரைந்திருந்த பூமியை, அச்சகத்தில் பக்கம் அமைப்பவர் மூன்றாவது முறையாக நிமிர்த்தி வைத்திருந்தார்.

“கோணலா இருந்துச்சு டீச்சர்.”

“அந்தக் கோணலாலதாங்க கோடையும் குளிரும் வருது. சூரியனுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் பூமி ஒரே திசையில சாயணும்.”

மாலையில் புதுத் தாள் வந்தது. சூரியனின் இருபுறமும் இருந்த பூமிகள் இரண்டும் அதை நோக்கியே தலைசாய்த்து நின்றன.

“இப்ப ஜோடி பொருத்தமா இருக்குல்ல?”

“இருக்கு. இப்படியே விட்டா நமக்கு வருஷம் பூரா கோடைதான்.”

சொன்னதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். ஆசிரியை நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இரண்டு பூமியும் ஒரே திசையில் சாய்ந்த பிறகுதான் எழுந்தார்.