வரைபடத்தில் விட்டுப்போன வழி

எதைக் கண்டாலும் அளந்து பார்ப்பது அவளுடைய நெடுநாள் வழக்கம். நகரமைப்பு அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகள் வரைபடம் போட்ட கை சும்மா இருக்குமா? அவள் பையில் வீட்டுச் சாவி இல்லாத நாள் உண்டு. அளவு டேப் இல்லாத நாள் கிடையாது. "பொண்ணு பார்க்க வந்தப்பவே மாப்பிள்ளைய அளந்திருப்பா. நல்லவேளை, வாசல்ல நுழையற அளவுதான் இருந்தார்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று காலையும் கை தானாகப் போயிற்று. கூடத்து நடுவில் வைத்திருந்த பெட்டியின் விளிம்பில் டேப்பை நீட்டினாள். ஆறே கால் அடி. அளந்த பிறகே, உள்ளே படுத்திருப்பவர் அப்பா என்பது புதிதாக உறைத்தது. டேப் சர்ரென்று ஓடிச் சுருண்டுகொண்டது.

"என்னடி அளக்கிற? தச்சர் சரியாத்தான் பண்ணியிருக்கார்" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை, கடைசி மூன்று ஆண்டுகளாக அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளியவள்.

அவள் டேப்பைப் பைக்குள் போட்டாள். பெட்டி போகவேண்டிய வழியில் ஆறே கால் அடிக்கு இடமில்லை என்பதை அந்தக் கூடத்தில் அளவோடு அறிந்தவள் அவள் மட்டுமே.

சித்தப்பா தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "கிளம்பலாமா? ஆத்தோரமாத்தானே?"

"வேன் சொல்லியிருக்கேன் சித்தப்பா. மெயின் ரோட்டுல போனா பத்தே நிமிஷம்" என்றான் அண்ணன்.

"எங்கண்ணன் என்னைக்காவது அவசரப்பட்டு எங்கயாவது போயிருக்காரா? நம்ம சனம் தண்ணியோரமா, தோள்ல ஏறித்தான் போகும். நாளைக்கு எனக்கும் அதேதான். வேனைக் கொண்டு வந்து நிறுத்தின, எழுந்து உக்காந்துருவேன்!"

துக்க வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை.

நகரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஆற்று வளைவில் குடியிருந்தவர்கள் அவர்கள். கரையோரமாக இடுகாட்டுக்கு ஒரு தடம் இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத தடம். காலால் எழுதப்பட்டு, காலாலேயே படிக்கப்பட்டு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தடத்தையும் உள்ளடக்கி அதே கரையில் பூங்கா வந்தது. வரைபடம் அவளுடையது. நாணலை அழிக்காமல், மழைநீர் மண்ணில் இறங்கும்படி கல் பாவி, ஒரு கிழ மரத்துக்காகப் பாதையையே வளைத்திருந்தாள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மோட்டார் சைக்கிள் நுழையாதிருக்க, வாசலில் நான்கு கை கொண்ட இரும்புச் சுழல் கேட் ஒன்றையும் வைத்தாள். நடந்து வருகிறவருக்கு அது வழிவிடும். உட்கார்ந்து வருகிறவருக்கும் படுத்து வருகிறவருக்கும் விடாது.

"இந்தக் கரையில பழைய புழக்கம் ஏதாவது உண்டா?" என்று அன்றைய கூட்டத்தில் மேலதிகாரி கேட்கத்தான் செய்தார். பதினொரு பேர் இருந்த அறையில், அந்த வளைவில் பிறந்தவள் அவள் ஒருத்திதான். சொந்த சனத்துக்குப் பரிந்து பேசுகிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று குனிந்து பென்சில் சீவினாள். 'இல்லை' என்று வேறு யாரோ எழுதிக்கொண்டார்கள்.

பாம்புக்குப் பயந்து, கூட்டின் வாயை நாளுக்கு நாள் குறுக்கிக்கொண்டே வந்த குருவி ஒன்று இருந்ததாம். பாம்பு கடைசிவரை வரவே இல்லை. குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்து, வெளியேற வழியில்லாமல் முட்டிய அன்றுதான் தாய்க்குத் தன் கெட்டிக்காரத்தனம் விளங்கிற்றாம்.

பெட்டியைத் தோளில் ஏற்றி நடந்தார்கள். பின்னால் அத்தை காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இது எதுக்கு அத்தை?"

"வெறுங்கையா நடக்க வரலடி. தினம் காலையில இதே வழிதானே, அந்தக் கேட்டு வரைக்கும்."

"கேட்டு வரைக்குமா? காத்து குளிரா இருந்துச்சு, திரும்பிட்டேன்னு சொல்வாரே?"

"குளிராவது ஒண்ணாவது! நாற்காலி போகாது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துட்டு, திருப்பும்மான்னுவார். உங்கிட்ட சொல்லலாம்னேன். 'எம்பொண்ணு போட்ட கேட்டு, எவ்வளவு நல்லா சுத்துது பாரு'ன்னு என் வாயை அடைச்சுட்டார்."

கேட் வந்தது. பெட்டி நின்றது.

"மேல தூக்கி அந்தப் பக்கம் கொடுத்துடலாம்" என்றான் அண்ணன்.

"மனுஷனை மூட்டை மாதிரி கை மாத்தச் சொல்றியா?" என்று சித்தப்பா சீறினார்.

காவலாளி ஓடி வந்தார். "சாவி எங்கிட்ட இல்லம்மா."

"இதுக்குச் சாவி கிடையாது. நான் வரைஞ்சதுதான். நடுத்தண்டுக்கு அடியில நாலு போல்ட்டு. ஸ்பேனர் இருக்கா?"

அவர் எடுத்துவரப் போனார். அவள் சித்தப்பாவின் எதிரே வந்து நின்றாள். "சித்தப்பா, இங்க வழி இருக்கான்னு கூட்டத்துல கேட்டாங்க. எனக்குத் தெரியும். நான் சொல்லல."

சித்தப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். தோளை மெல்ல அசைத்துப் பாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"பெட்டி கனக்குது. முதல்ல போல்ட்டைக் கழட்டு."

அவள் தரையில் மண்டியிட்டாள். மூன்று போல்ட்டுகள் வந்துவிட்டன. நான்காவதில் துரு ஏறியிருந்தது. அண்ணன் வந்து குனிந்து, அவள் கையோடு கை சேர்த்துத் திருகினான். தண்டு சாய்ந்தது. தோளில் பெட்டியோடு நுழையும் அகலத்துக்கு வழி திறந்தது.

"ஆபீஸ்ல கேட்டா நான் என்னம்மா சொல்றது? எனக்கு வேலை போயிரும்" என்றார் காவலாளி.

பையிலிருந்து காகிதம் எடுத்து, சாய்த்துவைத்த கேட்டின் மேலேயே வைத்து எழுதினாள். 'இங்கே ஆற்றோர நடைவழி ஒன்று உண்டு. தெரிந்திருந்தும் கூட்டத்தில் சொல்லாமல் விட்டேன். கேட்டைக் கழற்றியதும் நானே.' கீழே பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இதைக் காட்டுங்க. அடுத்த கூட்டத்துல நானே எழுந்து படிக்கிறேன்."

"திரும்ப எப்ப மாட்டுவீங்க?"

அவள் போல்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டாள். டேப்பின் மேல் விழுந்து அவை ஒலித்தன.

பெட்டி முதலில் போயிற்று, பின்னால் சனம். கடைசியாக அத்தை வந்தாள். காலி நாற்காலி இரண்டு பக்கமும் இடிக்காமல் உள்ளே உருண்டு, கிழ மரத்தைச் சுற்றி வளைந்து சென்றது. அவள் அளந்து பார்க்கவில்லை.