பத்துக்குக் கீழே

ஈரல் மருத்துவர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். "ரத்தம் பொருந்துது. அளவும் போதும். ஆனா உங்க ஈரல்ல இருபத்திரண்டு சதவீதம் கொழுப்பு. இந்த நிலைமையில வெட்டி எடுத்து இன்னொருத்தருக்கு வைக்க முடியாது."

மலை என்பவனுக்கு முதலில் வந்தது பயமல்ல, வெட்கம். நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் அவன் வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மலை என்பது துறைமுகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். அவன் கிரேன் ஓட்டுகிறவன். தரைக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறை. எட்டு மணி நேரம் அதில் குனிந்து உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் சரக்குப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் இறக்க வேண்டும். பதினான்கு வருடம் உட்கார்ந்ததில் உடம்பு தன் இஷ்டத்துக்கு வளர்ந்துவிட்டது. தொண்ணூற்றெட்டு கிலோ.

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். கணக்கு டீச்சர். ஒரு சொட்டு மதுவைக்கூடத் தொட்டவள் இல்லை. அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவள் ஈரலை எதிரி என்று நினைத்துத் தின்றுகொண்டிருந்தது. அத்தானுடைய ரத்தப் பிரிவு சேரவில்லை. சொந்தத்தில் வேறு யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்லி நழுவினார்கள். மிஞ்சியது தம்பி ஒருவன்தான்.

"பத்துக்குக் கீழ வரணும். எட்டு வாரம் பாக்கலாம். அதுக்கு மேல உங்க அக்காவால தாங்க முடியாது" என்றார் மருத்துவர். எதைச் சாப்பிடுவது, என்ன பயிற்சி செய்வது என்று அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார். அத்தான் அதை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் டாக்டர்."

அத்தான் தபால்காரர். இளவயதில் நெடுந்தூரப் பந்தயங்களில் ஓடியவர். இன்றைக்கும் குச்சி மாதிரிதான் இருப்பார். மறுநாள் விடிவதற்குள் வாசலில் வந்து நின்று பெல்லை அடித்தார்.

"மாப்ள, ஷூவைப் போடு. கொழுப்புக்கு ஒரே மருந்துதான். ஓட்டம்."

மலை ஓடினான். முதல் நாள் தெருமுனை வரைக்கும்தான். அங்கே மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பத்தாம் நாள் ஏரிக்கரையை ஒரு சுற்று சுற்றினான். அத்தான் முன்னால் ஓடியபடி திரும்பிப் பார்ப்பார். "விடாதே! இன்னும் கொஞ்சம்! உங்கக்காவை நினைச்சுக்கோ!" அக்காவை நினைக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. தூங்கும் நேரத்திலும் அவள் நினைப்புதான். காலையில் ஓட்டம், மதியம் காய்கறி சூப், ராத்திரி ஓர் ஆப்பிள். அவ்வளவுதான் சாப்பாடு. எடை மெஷினில் ஏறி நின்றால் முள் தினமும் கொஞ்சம் பின்னால் போயிருக்கும். மூன்று வாரத்தில் ஆறு கிலோ குறைந்தது. அத்தான் அந்தச் செய்தியை உடனே அக்காவுக்குப் போனில் சொன்னார்.

ஒருநாள் மலை வழக்கம்போல் கிரேன் ஏணியில் ஏறினான். மேலே போய் உட்கார்ந்து ஒரு பெட்டியைத் தூக்கினான். இருபது டன் இரும்பு காற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியை இறக்கிவிட்டு, வயர்லெஸில், "எனக்கு உடம்பு சரியில்ல, வேற ஆளை அனுப்புங்க" என்றான். ஏணியில் இறங்கி வருவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

மறுநாள் மருத்துவமனையில் உணவு நிபுணர் அவனை ஓர் இயந்திரத்தின் மேல் நிற்க வைத்துச் சோதித்தார்.

"ஆறு கிலோவில ரெண்டரை கிலோ தசை போயிருக்கு. பட்டினி கிடந்து ஓடுனீங்களா?"

மலை தலையை ஆட்டினான்.

"உங்க ஈரல்ல பாதிக்கு மேல வெட்டி எடுக்கப் போறாங்க. மறுநாளே எந்திரிச்சு நடக்கணும். அதுக்கு உடம்புல தெம்பு வேணாமா? கொழுப்புதான் போகணும், நீங்க போகக் கூடாது. ஓட்டம் இருக்கட்டும், வாரத்துல மூணு நாள் போதும். மத்த நாள்ல பளு தூக்குங்க. முட்டை, மீன், பயறு நல்லாச் சாப்பிடுங்க. இதெல்லாம் அந்தத் தாள்லயே இருக்கே!"

அத்தான் அந்தத் தாளைப் பிரிக்கவே இல்லை.

மலையின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு ஜிம் இருந்தது. தகரக் கூரை, மங்கிப்போன கண்ணாடி, துருப்பிடித்த எடைத் தட்டுகள். நடத்தியது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பளுதூக்கும் போட்டிகளுக்குப் போய்த் தோளில் அடிபட்டுத் திரும்பியவள். எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள். மலை விஷயத்தைச் சொன்னதும் அவள் வியப்பு எதுவும் காட்டவில்லை. ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளந்து நோட்டில் எழுதினாள். நூற்றெட்டு சென்டிமீட்டர்.

"அண்ணே, முதல்ல நாற்காலியில உட்காந்து எந்திரிக்கிற மாதிரி. வெறும் கையோட. அப்புறம் இந்த இரும்புப் பாரைத் தோள்ல வைக்கலாம்."

அத்தானுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "புஜத்தை ஏத்துற நேரமா மாப்ள இது? போட்டோ எடுக்கவா போற?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண்ணில் சிரிப்பு இல்லை.

நாலாவது வாரம் எடை தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது. ஐந்தாவது வாரமும் அப்படியே. ஆறாவது வாரத்தில் அரை கிலோ ஏறியது. மலை மெஷினை நகர்த்தி வேறு தரையில் வைத்துப் பார்த்தான். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவை ஏறி இறங்கினான். மனைவி மெஷினைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்தாள். நாற்காலி போட்டு அதை இறக்கினான்.

அதே வாரம் அக்காவுக்கு வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்று சாயங்காலம் அத்தான் மலையின் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே வந்து மெஷினைக் காட்டினார்.

"ஏறு."

ஏறினான். தொண்ணூற்றிரண்டரை.

"என் பொண்டாட்டி அங்க செத்துக்கிட்டு இருக்கா. நீ இங்க இரும்பைத் தூக்கித் தூக்கி உடம்பை ஏத்திக்கிட்டு இருக்க. கொடுக்க மனசில்லைன்னா நேரடியா சொல்லித் தொலையேன்!"

"அண்ணா, என்ன வார்த்தை பேசுறீங்க!" என்றாள் மலையின் மனைவி. அத்தான் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மலை மெஷினை விட்டு இறங்கவே இல்லை. அத்தான் சொன்னது பொய் என்றால் கோபம் வந்திருக்கும். கோபம் வரவில்லை. முள் நகராமல் நின்ற ஒவ்வொரு நாளும் பதற்றத்துக்கு அடியில் வேறொன்றும் அவனுக்குள் இருந்தது. மெல்லிய, அசிங்கமான ஒரு நிம்மதி. பத்துக்குக் கீழே வராவிட்டால் அறுவை இல்லை. யாரும் குறை சொல்ல முடியாது. முயற்சி செய்தான், உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று முடிந்துவிடும். இப்படித் தன் மனசே நினைத்தது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அது தெரிந்த பிறகு சாப்பாடு உள்ளே இறங்கவில்லை.

இரண்டு நாள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு ஏரியை மூன்று சுற்று ஓடினான். மூன்றாம் நாள் ஜிம்மில் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. பார் பின்னால் சரிந்து விழுந்தது. மாஸ்டர் ஓடிவந்து அவனைச் சுவரோரம் உட்கார வைத்தாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"மூணு நாளைக்கு முன்னால."

அவள் உள்ளே போனாள். இரண்டு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நின்றாள். பிறகு டேப்பை எடுத்து இடுப்பை அளந்தாள்.

"நூத்தி ஒண்ணு. ஏழு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. பேன்ட் லூசானதுகூடவா தெரியல?"

"எடை குறையலையே மாஸ்டர்."

"மெஷினுக்கு என்ன தெரியும்? தசையும் ஒண்ணுதான் அதுக்கு, கொழுப்பும் ஒண்ணுதான், குடிச்ச தண்ணியும் ஒண்ணுதான். ஒரு பக்கம் கொழுப்பு கரையுது, இன்னொரு பக்கம் தசை ஏறுது. முள்ளு எப்படிண்ணே நகரும்?"

"ஈரல்ல குறைஞ்சிருக்கும்னு நிச்சயமா சொல்ல முடியுமா?"

மாஸ்டர் டேப்பைச் சுருட்டினாள். "முடியாது. நான் டாக்டர் இல்ல. உள்ள என்ன இருக்குன்னு ஸ்கேன்தான் சொல்லணும். ஆனா பட்டினி கிடந்தா இருக்கறதும் போகும். அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

பொய்யாக ஆறுதல் சொல்லாததாலேயே அவள் பேச்சு அவனுக்குப் பிடிபட்டது. வீட்டுக்குப் போய் மெஷினை மனைவி கையில் கொடுத்தான். "எங்கயாவது எனக்குத் தெரியாம வச்சிடு."

மிச்சமிருந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் தனியாக ஓடினான். மற்ற நாட்களில் தூக்கினான். அத்தான் பெல் அடிக்க வரவில்லை. ஆனாலும் விடியும் நேரத்தில் மலைக்கு விழிப்பு வந்துவிடும். வாசலில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருப்பான்.

எட்டாவது வாரம் ஸ்கேன். மூச்சை அடக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும், விடச் சொல்வதற்கு முன்னாலேயே விட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. வெளியே நீண்ட பெஞ்சின் ஒரு முனையில் அவனும் மனைவியும், இன்னொரு முனையில் அத்தான். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.

மருத்துவர் கூப்பிட்டு, தாளைப் பார்த்துப் படித்தார். "எட்டு."

அத்தான் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். குச்சி மாதிரி உடம்பு குலுங்கியது.

"எடை பெரிசா குறையலை. ஆனா கொழுப்பு நல்லாவே கரைஞ்சிருக்கு, போன தசையும் திரும்பி வந்திருக்கு" என்றார் மருத்துவர். "தம்பி மட்டும் என்கூட வாங்க. இன்னொரு டாக்டர் உங்ககிட்ட தனியா பேசணும்."

அந்த இன்னொரு மருத்துவர் வயதான பெண்மணி. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நான் உங்க அக்காவுக்கு வைத்தியம் பாக்கறவ இல்ல. உங்களுக்காக மட்டும்தான் இருக்கேன். இதுல உயிருக்கு ஆபத்து கொஞ்சமாவது இருக்கு, தெரியுமில்ல? உங்களுக்கு விருப்பமில்லைன்னா இப்பச் சொல்லுங்க. பரிசோதனையில ஒத்துவரலைன்னு நாங்க வெளியில சொல்லிடுவோம். உண்மைக் காரணம் இந்த ரூமைத் தாண்டாது."

மலை வாரக்கணக்காக எந்தக் கதவு திறக்காதா என்று உள்ளூர ஏங்கினானோ, அதையே ஒருவர் விரியத் திறந்து வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் கோபமோ பரிதாபமோ இல்லை.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு டாக்டர்" என்றான்.

"சொல்லுங்க."

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஏழு வயசு. பத்துக்குக் கீழ வரக்கூடாதுன்னுகூட நினைச்சிருக்கேன். நிஜமா நினைச்சேன்."

"நிறைய பேர் நினைப்பாங்க."

மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு, "பயம் போகாது போல. பயத்தோடயே பண்ணிக்கறேன்" என்றான்.

"நாளைக்கு மனசு மாறினாலும் சொல்லலாம். மயக்க ஊசி போடற வரைக்கும் சொல்லலாம்" என்று எழுதிக்கொண்டார்.

மனசு பல தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் காலை அவனை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அத்தான் கட்டிலோடு கூடவே நடந்து வந்தார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் பாதத்தை மூடிவிட்டு, கதவு வரைக்கும் அதன்மேல் கையை வைத்தபடியே வந்தார்.

அறுவை பன்னிரண்டு மணி நேரம் நடந்தது. இருவரும் பிழைத்தார்கள். மலைக்கு வலி சொல்லி மாளாது. ஆனாலும் மறுநாளே நர்ஸ் எழுந்திருக்கச் சொன்னபோது, கால் அவனைத் தாங்கியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று நாலு அடி வைத்தான்.

எட்டாம் நாள் அக்காவைச் சக்கர நாற்காலியில் அவன் அறைக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கில் குழாய். குரல் கீச்சென்று இருந்தது.

"வலிக்குதாடா?"

"சிரிச்சா வலிக்குது. அதனால நீ ஒண்ணும் பேசாதே."

அவள் சிரித்தாள். அவளுக்கும் வலித்தது. பிறகு அவன் சொன்னான்: "அக்கா, நடுவுல சில வாரம் இது நடக்கக் கூடாதுன்னு நினைச்சேன். உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நான் தினமும் நினைச்சேன்டா. உனக்கு ஏதாவது ஆயிட்டா உன் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்னு. காலைல எந்திரிச்சதும் பத்துக்குக் கீழ வரக்கூடாதுன்னு வேண்டிப்பேன். சாயந்தரம் ஆனா, வரணும் வரணும்னு வேண்டிப்பேன். சாக யாருக்குடா இஷ்டம்?"

நர்ஸ் வந்து, நடக்கிற நேரமாயிற்று என்று அவன் தோளுக்கு அடியில் கை கொடுத்தாள்.