போணி ஆகாத வெள்ளிக்கிழமை

கேத்திக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பத்தைந்து வருஷம் பர்மாவின் மாண்டலே சந்தையில் பட்டுக் கைலி விற்றே போயிற்று. யார் எதைச் சொன்னாலும் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் காதில் போட்டுக்கொள்வாள். பத்து மாதத்துக்கு முன்னால், ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கத்தைப் பட்டாளம் கவிழ்த்து நாட்டைப் பிடுங்கிக்கொண்டபோது மட்டும்தான் கழிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

வியாழக்கிழமை சந்தைக்காரிகள் கூடிப் பேசினார்கள். மறுநாள் மௌன வேலைநிறுத்தம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார வேண்டும். பூட்டிக் கிடக்கும் கடைக்குச் சீல் வைப்போம், திரும்பக் கிடைக்காது என்று பட்டாளம் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தது.

"வைக்கட்டுமே. எத்தனை கடைக்குத்தான் வைப்பான்? அரக்கு தீர்ந்துடும்," என்றாள் எதிர்க்கடை யுஸனா. எல்லோரும் சிரித்தார்கள். கேத்தியும் சிரித்தாள்.

சிரித்தாளே தவிர நம்பவில்லை. திறக்கவே மாட்டோம் என்பதெல்லாம் எடுத்த எடுப்பில் சொல்லும் விலை. அந்த விலைக்கு எந்த மடையன் வாங்கியிருக்கிறான்? விடிந்தால் ஒவ்வொருத்தியாய் இறங்கி வருவாள், யுஸனாதான் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டாள். புருஷன் போன பிறகு யுஸனாவுக்கென்று இருப்பது அந்த எட்டடிக் கடை ஒன்றுதான்.

ஒருத்தியும் இறங்கி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எண்ணூறு கடைச் சந்தையில் திறந்திருந்தது கேத்தியின் கடை மட்டும். டீக்கடை அடுப்பு பற்றவில்லை. மீன் வரிசை நாய்கள்கூட எங்கோ போய்விட்டன. எதிரே யுஸனாவின் தகரக் கதவு. "அவகிட்ட வாங்காதீங்க, சாயம் போயிடும்!" என்று இருபது வருஷமாய் அங்கிருந்து வரும் குரல் இல்லை. கேத்தி ஒரு கைலியைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். மூடிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் சந்தை வாசலில் நின்ற சிப்பாய் அவள் உள்ளே வந்தபோதே பார்த்துத் தலையாட்டியிருந்தான்.

பதினொன்றரைக்கு ஒரு கேப்டன் வந்தான். கூடவே அவன் மனைவி, கழுத்தில் கேமராவோடு ஒருவர். சந்தை வழக்கம்போல நடக்கிறது என்று நாளைய பத்திரிகையில் படம் வர வேண்டுமாம்.

"அக்கா, அந்த அலை போட்ட பச்சை என்ன விலை?" என்றாள் கேப்டன் மனைவி.

"ரெண்டு லட்சம் கியாட்." கேட்டதும் ஓடிப்போகட்டும் என்று இரண்டு மடங்காய்ச் சொன்னாள்.

அவள் ஓடவில்லை, உட்கார்ந்தாள். "நல்லாயிருக்கே கதை! எண்பதாயிரத்துக்குக் குடுங்க."

"எண்பதுக்கு நூல்தான் தருவேன் கண்ணு. நீயே நெய்துக்க."

அவள் சிரித்துவிட்டாள். "இப்படிப் பேரம் பேசி எவ்வளவு நாளாச்சு அக்கா! பட்டாளத்து வீடுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் முகம் குடுக்கிறதில்ல. சரி, தொண்ணூறு."

கேத்தியின் நாக்கு அவளைக் கேட்காமலேயே ஓடியது. "நூத்திருபது. உன் வீட்டுக்காரர் பதவி போனாலும் இதோட சாயம் போகாது."

கேப்டன் முகம் கடுத்தது. பெண்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஒரு லட்சத்தில் படிந்தது. காலையிலிருந்து மனிதக் குரலுக்கு ஏங்கிக் கிடந்தவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பணம் நீண்டது. கேமராக்காரர் குனிந்தார். "முதல் போணிதானேம்மா? வழக்கம்போல அந்த நோட்டால சரக்கு மேலெல்லாம் ஒரு தட்டுத் தட்டுங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

போணி நோட்டு சரக்கின்மேல் பட்டால் அன்றைக்கு வியாபாரம் கொழிக்கும். முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் கை தானாக நீண்டது, பாதியில் நின்றது. அத்தனை பேரும் கடையைப் பறிகொடுக்கத் துணிந்து வீட்டில் உட்கார்ந்திருக்க, நாளைக்கு அவர்கள் பிரிக்கும் பத்திரிகையில் இவள் சிரித்தபடி அதிர்ஷ்டம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"விக்கலைங்க."

"என்னக்கா? இப்பத்தானே படிஞ்சுது?"

"படிஞ்சுது. விக்கலை."

கேப்டன் முன்னே வந்தான். "ஏம்மா, கடை வேணுமா வேண்டாமா?"

"வேணும்தான்." கேத்தி கைலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்கு இருக்கிறதே இதுதான்."

பச்சைக் கைலியை மடித்து அலமாரியில் வைத்தாள். விளக்கை அணைத்தாள். கதவை அவளே இழுத்துவிட்டாள். கேப்டன் மனைவி நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

சீல் வைத்தார்கள். பெயர், முகவரி எழுதிக்கொண்டு, மூன்றரை மணிவரை அவளை வாசலில் குந்த வைத்து, அப்புறம் துரத்தினார்கள்.

ஆறு தெரு நடந்தாள். ஒரு சைக்கிள்கூட எதிர்ப்படவில்லை. யுஸனா வீட்டு மாடியில் ஜன்னல் திரை விலகியது. சந்தைப் பக்கமிருந்து கடைச் சாவியோடு வருகிறவளை யுஸனா பார்த்தாள். திரை மூடிக்கொண்டது. கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் திறந்தது நிஜம். விற்காததற்குச் சாட்சி கேப்டன் பெண்டாட்டி.

மணி நாலு. வேலைநிறுத்தம் முடிந்ததற்கு அடையாளமாய் அடைத்த வீடுகளுக்குள்ளிருந்து கைதட்டல் கிளம்பி, ஓட்டுக்கூரையில் மழை இறங்குவதுபோலத் தெருத் தெருவாய்ப் பரவியது. உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் எழுப்பிக்கொண்ட ஓசை அது. வெளியே நின்று கைதட்டுகிறவர்களைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போகும்.

கேத்தி சாவியை இடுப்பில் செருகினாள். நடுத்தெருவில் நின்று அவளும் கைதட்டினாள். அத்தனை சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.